கயிறு பிடிக்க ஓர் ஆள்

கடித எண் 1 / 1975
திங்கட்கிழமை, 6 ஜனவரி 1975, காலை மணி 7.20
தூத்துக்குடி

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கை பிலோமினாவுக்கு, அண்ணன் பாஸ்கல் ஆசீர்வதித்து எழுதுவது. மூவிராசாக்கள் திருநாளாகிய இன்று நானும் உன் மதினி மெட்டில்டாவும் நலமாக இருக்கிறோம். வாடைக் காற்று என் இடது முழங்காலில் மட்டும் குடியேறியிருக்கிறது. உன் சுகமும் உன் வீட்டில் உள்ளோர் சுகமும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து டிசம்பர் 28 அன்று கிடைத்தது. அதில் தேதி இல்லை. தபால் முத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் நீ எழுதிய நாளை அனுமானித்தேன். இனியாவது தேதியிட்டு எழுதவும்.

இப்போது எழுதுவது ஓர் உதவியை வேண்டி. நான் செயலாளராக இருக்கும் கடல்வேலைக் கூடுகை இவ்வாண்டு எட்டாவது ஆண்டை எட்டுகிறது. யார் போட்ட முடிச்சு அவிழாது என்று நானும் ஹென்றியும் வேறு இரு நண்பர்களும் 1968இல் கடற்கரையில் போட்ட சண்டைதான் இதன் தொடக்கம் என்பதை நீ அறிவாய். இப்போது அது மூன்று நாள் விழாவாகிவிட்டது. படகுப் பாய்களைக் கூடாரமாக்கி மணலிலேயே படுக்கிறோம். கயிறு பின்னுதல், பாய் ஏற்றுதல், கட்டுமரம் கட்டுதல், கல்லைப் பற்றிக் கடலடிக்கு இறங்குதல் எல்லாவற்றையும் செய்து காட்டுகிறோம், தெரியாதவர் தெரிந்துகொள்கிறார்கள்.

எங்கள் பழைய இடத்தின் வழியே புதுத் துறைமுகத்துக்குச் சாலை போகிறது. காலை முதல் மாலை வரை கல் லாரிகள். ஆகவே ஏப்ரல் 11, 12, 13 தேதிகளில் வேம்பார் வடகரையில் கூடலாம் என்று குழு தீர்மானித்திருக்கிறது. அங்கே நல்ல தண்ணீரும் நிழலும் கிடைக்குமா, யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பதை விசாரித்து எழுதவும்.

விதிகளின் நகலை இணைத்திருக்கிறேன். இரண்டாம் விதியின்படி கடற்கரைக் குடும்பங்களில் பிறந்த ஆண்கள் மட்டும் பங்குபெறலாம். நான்காம் விதியின்படி, கடலில் இறங்குபவரின் உயிர்க்கயிற்றை அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் உடன்பிறந்தவர், படகிலிருந்து பிடிக்க வேண்டும். தன் தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் பொறுக்கமாட்டான் என்பதால் நம் முன்னோர் வகுத்த காப்பு இது. ஆறாம் விதியின்படி, மணலில் கிடக்கும் கயிற்றைப் பெண்கள் தாண்டலாகாது, தீட்டு.

இப்படிக்கு,
அ. பாஸ்கல்


வேம்பார்
பொங்கலுக்கு மறுநாள்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பிலோமினா எழுதிக்கொள்வது. நலம். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கும்படி மதினியிடம் சொல்லுங்கள். தைலத்துக்கு வாடை மசியாது.

“உன் வீட்டில் உள்ளோர்” என்று வருடா வருடம் எழுதுகிறீர்கள். இந்த வீட்டில் என்னைத் தவிர ஒரு மனிதரும் ஓர் ஆடும் இருக்கிறார்கள். ஆடு நலம்.

உறையின் மேல் காலஞ்சென்ற நம் அப்பா பெயரைப் போட்டு, “அவர்களின் மகள்” என்று இந்த முறையும் எழுதியிருந்தீர்கள். தபால்கார அய்யாக்குட்டி அண்ணாச்சி அதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டு, “ஏளா, கல்யாணமாகிப் பதினாறு வருசமாச்சு. ஒன் வீட்டுக்காரரு பேர எழுதுனா ஒங்க அண்ணாச்சி பேனா ஒடஞ்சா போயிரும்?” என்று கேட்டார். “மை சிக்கனம் அண்ணாச்சி” என்றேன்.

இடம் இருக்கிறது. கோயில் கிணறு உவர்ந்துவிட்டது. நல்ல தண்ணீர், வடக்கே பனங்காட்டுக் கிணற்றில் மட்டும்தான். அது தேவகனி அக்காள் வீட்டுக் கிணறு. அவளும் அந்தத் தெருப் பெண்களும்தான் பனைநார்த் தும்பைத் திரித்து இந்தக் கரை முழுவதற்கும் கயிறு கொடுக்கிறார்கள். உங்கள் விதிகளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்திருக்கக் கூடாது.

“தண்ணி எங்களது, கூடுகை அவியளுதா?” என்றாள். ஆறாம் விதியைக் கேட்டதும் சிரித்தே விட்டாள். “திரிக்கையில பூராவும் என் மடியிலதான் கெடந்துது அந்தக் கயிறு. அப்பல்லாம் இல்லாத தீட்டு, மணல்ல கெடக்கும்போது நான் தாண்டுனாத்தான் வருதோ?”

இங்கன சங்கு குளிக்க வருகிற கீழக்கரை மீராசாவும் கேட்டார், அவர் வரலாமா என்று. கடற்கரைக் குடும்பம் என்று நீங்கள் எழுதியிருப்பது எந்தக் கடற்கரையை, எந்தக் குடும்பத்தை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஊரார் சொல்வது இதுதான்: வருகிறவர்கள் வரட்டும், ஆனால் இங்கே கைவேலை தெரிந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டு கூடட்டும். இல்லையென்றால் தூத்துக்குடி லாரிகளோடு கூடிக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. என் வீட்டுக்காரரும் கல்லோடு இறங்க ஆசைப்படுகிறார். நான்காம் விதியை மூன்று முறை வாசித்தேன். எனக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒருவர் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அன்புத் தங்கை,
பிலோமினா


கடித எண் 2 / 1975
புதன்கிழமை, 22 ஜனவரி 1975, மாலை மணி 4.45
தூத்துக்குடி

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கைக்கு, பாஸ்கல் ஆசீர்வதித்து எழுதுவது. ஒத்தடம் பலனளித்தது. உன் மதினி உன்னை மிகவும் விசாரித்தாள்.

“பொங்கலுக்கு மறுநாள்” என்பது தேதியாகாது. 15 ஜனவரி 1975 என்று குறித்துக்கொண்டேன்.

உன் கடிதத்திலுள்ளவற்றுக்கு வரிசைப்படி பதில் எழுதுகிறேன். முதலாவது, இடம் குறித்து மகிழ்ச்சி. இரண்டாவது, தண்ணீர். பல ஜாதியாரும் மதத்தாரும் ஒரே இடத்தில் கூடினால் மனத்தாங்கல் வரும் என்பதை முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொரு பிரிவாருக்கும் தனித்தனிப் பானையாக ஆறு பானைகள் வைக்கலாம் என்று கருதுகிறேன். எவருடைய மனமும் புண்படாது. மூன்றாவது, பெண்கள். அவர்களுடைய கைவேலையை நான் மறுக்கவில்லை. தென்னை நிழலில் அவர்களுக்கென்று தனிப்பந்தல் போட்டுத் தருகிறோம். அங்கிருந்து அவர்கள் எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்கலாம். நான்காவது, மீராசா என்பவரின் விண்ணப்பத்தைக் குழுவின் முன் வைக்கிறேன்.

ஐந்தாவதாக நீ எழுதியிருந்ததைக் கவனித்தேன்.

இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாரிச் சத்தத்தில் பகலில் படிக்கவோ எழுதவோ முடிவதில்லை. கடற்கரைக்குப் போனால் கடற்கரை இருந்த இடத்தில் வேறொன்று இருக்கிறது. திரும்பி வருகிறேன். மறுபடியும் போகிறேன்.

இப்படிக்கு,
அ. பாஸ்கல்


வேம்பார்
11-2-75, சாம்பல் புதனுக்கு முந்தின நாள் (தேதி போட்டிருக்கிறேன்)

அன்புள்ள அண்ணனுக்கு, பிலோமினா எழுதுவது. நாங்கள் சுகம். மதினிக்குக் கருவாடு கொடுத்துவிட்டேன், வேம்பார் பஸ் கண்டக்டர் கையில். சேர்ந்ததா?

ஆறு பானை விஷயத்தைத் தேவகனி அக்காளிடம் சொன்னேன். “தாராளமா வைக்கட்டும். ஆறுலயும் எங்க கெணத்துத் தண்ணிதான் ஊத்துவேன்” என்றாள். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பந்தலில் உட்கார்ந்து பார்க்க அந்தப் பெண்களுக்கு நேரம் கிடையாது. தும்பு திரிப்பதைச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டால் வருவார்கள். வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டால் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். தண்ணீர்க் கிணறும் அவர்களோடு போய்விடும்.

மீராசா ஒன்று கேட்டார். கூடுகைத் தொடக்கத்தில் ஜெபம் சொல்வீர்கள் அல்லவா, அப்போது தான் எங்கே நிற்பது என்று. வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஐந்தாவதைக் கவனித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கவனித்த பிறகு என்ன செய்தீர்கள்? என் வீட்டுக்காரர், கூடுகைக்குப் பெயர் சேர்க்கும் உள்ளூர்க் காரியஸ்தரிடம் பெயர் கொடுத்துவிட்டார். முத்துக் குளிக்கிற கல்லைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி வைத்திருக்கிறார். ஆடு அதை நக்கிக்கொண்டே இருக்கிறது. அவர் பெயர் ஏசுவடியான். மறந்திருப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

தங்கை,
பிலோமினா


கடித எண் 3 / 1975
புதன்கிழமை, 19 பிப்ரவரி 1975, காலை மணி 6.50
தூத்துக்குடி

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கைக்கு, பாஸ்கல் ஆசீர்வதித்து எழுதுவது. கருவாடு பிப்ரவரி 12 அன்று, அதாவது சாம்பல் புதன் அன்றே, வந்து சேர்ந்தது. நோன்பு நாளில் அதன் வாசனையைத் தாங்கிக்கொண்டது எனக்கு ஒரு தபசு. தேதியிட்டு எழுதியதற்கு மகிழ்ச்சி.

ஞாயிறு, 16ஆம் தேதி மாலையில் குழு கூடியது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஆரம்பத்திலேயே ஹென்றி எழுந்து, “என்னவே பாஸ்கல், பனங்காட்டுல இருந்து ஆளு வருது, சேலை கட்டி ஆளு வருது, நாளைக்கு ஒந் தங்கச்சி வீட்டு ஆடும் பாய் இழுக்க வருமோ?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் உன் முதல் கடிதத்தைப் படித்தபோது விதிகளைக் காக்கவே நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் மனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

“கயிறு அவங்க திரிச்சது. தண்ணி அவங்க கெணறு. மணலு அவங்க ஊரு. நம்மளதுன்னு என்னவே இருக்கு அங்க?” என்று கேட்டேன்.

“விதி இருக்குல்லா?” என்றார் ஹென்றி.

“விதிய எழுதுனது நாந்தான்வே. எழுதுன கைக்கு அடிக்கவும் தெரியும்.”

விவாதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. முடிவுகள் பின்வருமாறு. இரண்டாம் விதியும் ஆறாம் விதியும் நீக்கப்பட்டன. கைவேலை தெரிந்தவர் எவரும், கற்க விரும்புபவர் எவரும் வரலாம். தேவகனி அம்மாளும் மற்றப் பெண்களும் கயிறு திரித்தலைச் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்களுக்குக் கரையோரத்தில், எல்லாரும் நிற்கும் இடத்திலேயே இடம் ஒதுக்கப்படும். தண்ணீருக்கு ஒரே தொட்டி. தொடக்கத்தில் ஒரு நிமிடம் எல்லாரும் கடலைப் பார்த்து நின்று அவரவர் மனத்துக்குள் வேண்டிக்கொள்வது. மீராசாவுக்கு எங்கும் நிற்கலாம் என்று சொல்லவும்.

நான்காம் விதியை நானே திருத்தி எழுதினேன். “கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருக்கத் தேவையில்லை. குழுவின் நம்பிக்கைக்குரிய எவரும் பிடிக்கலாம்.” ஹென்றியின் தோணியில் சத்தியராஜ் என்று ஒருவன் இருக்கிறான், இரண்டு ஆள் பலம். இறங்குகிற எல்லாருக்கும் அவனே பிடிப்பான். உறவு, குலம், கோயில் எதுவும் குறுக்கே வராது. இதைவிடத் தாராளமான ஒரு விதியை எந்தக் கூடுகையிலும் நான் கண்டதில்லை. உன் மனக்குறையும் இதனால் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
அ. பாஸ்கல்


வேம்பார்
25-2-75

அண்ணனுக்கு,

தேவகனி அக்காளுக்குச் சந்தோஷம். மீராசாவுக்குச் சந்தோஷம். ஒரே தொட்டி என்றதும் ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். தாகம் எடுத்தால் சரியாகிவிடும். இதையெல்லாம் நீங்கள் குழுவில் நின்று பேசி வாங்கியது பெரிய காரியம். மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் நான்காம் விதியை எதற்காக மாற்றினீர்கள் என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். எல்லாருக்கும் வாசலைத் திறந்துவிட்டீர்கள், நீங்கள் மட்டும் வெளியே வராமல் இருப்பதற்காக.

என் வீட்டுக்காரர் பெயரைத் திரும்ப வாங்கிவிட்டார். கோபத்தில் இல்லை. வலையைத் தைத்துக்கொண்டே சொன்னார்: “கயிறு பிடிக்கதுக்குப் பலம் எதுக்கு? சத்தியராசு கையில பலம் இருக்கு. நான் மேல வரலைன்னா அவன் வீட்டுக்குப் போயிச் சோறு திம்பான். கயித்தப் பிடிக்கிறவன், நாளைக்கு ஒம் மூஞ்சியில முழிச்சாகணும். அதுக்குத்தாம்ளா மச்சான்.”

1961ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு நடந்தபோது அவர் நான்கு தோணிகளில் போய்க் கேட்டார். நான்கிலும், “மச்சான் எங்கலே?” என்றுதான் கேட்டார்கள். மச்சான் கரையில், வெள்ளைச் சட்டை போட்டு, தான் கணக்கெழுதிய கம்பெனியின் குடையின் கீழே நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள். அவர் அன்று வீட்டுக்கு வந்ததும் கல்லைப் பரணில் ஏற்றினார். இப்போது கல்லைத் திரும்பப் பரணில் ஏற்றியிருக்கிறார்.

எனக்கு வேறு மனக்குறை கிடையாது. இது ஒன்றுதான்.

பிலோமினா


தூத்துக்குடி
மார்ச்சு 14

ஏளா பிலோமி, மதினி மெட்டில்டா எழுதுதேன். சுகமா இருக்கியா? நான் எழுதுதது ஒங்க அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா இதுக்கும் ஒரு நம்பர் போடுவாவ.

ஒன் கடுதாசி வந்ததுல இருந்து அவிய ஒரு நெலையில இல்ல. பதில் எழுத உக்காருதாவ, தேதி போடுதாவ, நேரம் போடுதாவ, அப்புறம் கிழிச்சுப் போடுதாவ. குப்பைக்கூடை பூரா தேதியாக் கெடக்கு. சாப்பாட்டுல உப்பு இல்லைங்காவ, அடுத்த வாய்க்கு உப்பு சாஸ்திங்காவ. கூடுகைக் காகிதத்தை எடுத்துக்கிட்டு ஹென்றி வீட்டுக்குப் போறாவ, பாதி வழியில திரும்பி வாராவ.

போன திங்கக்கெழமை கடைத்தெருவுல போயிப் புதுக் கயிறு ஒண்ணு வாங்கிட்டு வந்தாவ. எதுக்குன்னு கேட்டேன். கொடி கட்டவாம். எங்க வீட்டுல துணி காயப்போட ரெண்டு கொடி இருக்கு. மறுநாள் பாத்தா, கொல்லையில முருங்க மரத்துல கயித்தக் கட்டிக் கால ஊணிக்கிட்டு இழுக்காவ. இழுக்கதும், விடுததும், மறுபடி இழுக்கதும். அறுபத்தேழு வயசுல! பெரிய கொப்பு மடார்னு முறிஞ்சு விழுந்துட்டு. நாலு நாளா எங்க வீட்டுல முருங்கக்காக் கொழம்புதான்.

நான் வாயை வச்சுக்கிட்டு இருக்க மாட்டாம, “வேற குலம், வேற கோயில்னு தங்கச்சி கல்யாணத்துக்குத்தான் போகல, கயிறு பிடிக்கவாவது போங்களேன்”னேன். “எனக்குக் கை வலுப் போதாது”ன்னாவ. “கை வலுவுக்கு மரம் சாட்சி. ஒங்களுக்குக் கயித்தப் பிடிக்கப் பயமில்ல, அவரு ‘மச்சான்’னு கூப்பிட்டுருவாரோன்னுதான் பயம்”னேன். எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிட்டாவ. ஆனா கயித்தச் சுருட்டி வைக்கவும் இல்ல. இப்ப வேப்பமரத்துல கட்டியிருக்கு.

நீ பதிலு எழுதாத. பொறுமையா இரி. உள்ளங்கை தோலு உரிஞ்சிருக்கு, நான் தேங்காண்ணெய் தடவுதேன், எதுக்குன்னு நானும் கேக்கல, அவியளும் சொல்லல.

ஒன் மதினி,
மெட்டில்டா


கடித எண் 4 / 1975
திங்கட்கிழமை, பெரிய வாரம், 24 மார்ச் 1975, காலை மணி 5.40
தூத்துக்குடி

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கைக்கு, பாஸ்கல் ஆசீர்வதித்து எழுதுவது. இருவரும் நலம். கொல்லையில் ஒரு மரக்கிளை காற்றில் முறிந்தது, வேறு சேதமில்லை.

உன் 25 பிப்ரவரிக் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. என் வழக்கத்தில் இத்தகைய தாமதம் நேர்ந்ததில்லை.

நேற்றுக் குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் குழுவை அவசரமாகக் கூட்டி, நான்காம் விதியை மறுபடியும் மாற்றினேன். புதிய வாசகம்: “கடலில் இறங்குபவர், தம் கயிற்றைப் பிடிப்பவரைத் தாமே தெரிந்தெடுப்பார். தெரிந்தெடுக்கப்பட்டவர் சம்மதித்தால் போதும். குழு தலையிடாது.” “ஒரு விதிய ரெண்டு தரம் மாத்துத, இது என்ன சட்டையா?” என்று ஹென்றி கேட்டார். “அளவு இப்பதான்வே சரியா வந்துருக்கு” என்றேன். மீராசா தம் பக்கத்துப் படகுக்காரரைத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். விரும்பினால் சத்தியராஜையும் எவரும் தெரிந்தெடுக்கலாம்.

நான் ஏப்ரல் 10, வியாழக்கிழமை பிற்பகல் பஸ்ஸில் வேம்பார் வருகிறேன். எனக்குப் படகில் நிற்கப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் தூரத்தில் இருப்பது தெரியும், கிட்டத்தில் இருப்பது தெரியாது. கை பிடிக்கும். இவை என் குறைகளும் தகுதிகளும். இவற்றைச் சொல்ல வேண்டியவரிடம் நீ சொல்லி, என்னைத் தெரிந்தெடுக்க அவருக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதவும். சம்மதமில்லை என்றால் அதையும் அப்படியே எழுதவும். நான் மணலில் நின்று மற்ற வேலைகளைக் கவனித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அ. பாஸ்கல்


வேம்பார்
1-4-75

அன்புள்ள அண்ணனுக்கு,

பாஸ்கு வாழ்த்துகள். உங்கள் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து பரணில் ஏறிக் கல்லை இறக்கினார்.

“வரட்டும்” என்றார்.

பிலோமினா


கடித எண் 5 / 1975
புதன்கிழமை, 16 ஏப்ரல் 1975, காலை மணி 8.05
தூத்துக்குடி

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள பிலோமினாவுக்கு, பாஸ்கல் ஆசீர்வதித்து எழுதுவது. பஸ் இரண்டு இடங்களில் நின்றுபோனது தவிர, ஞாயிறு இரவு சுகமாக வந்து சேர்ந்தேன். உன் மதினிக்கு மூன்று நாளாக இதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று, “அடுத்தாப்ல அவரு என்ன சொன்னாருன்னு நான் சொல்லவா?” என்று கேட்டாள். ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

விதி மாறியும் நீ படகில் ஏறவில்லை. “நான் கிட்ட நின்னா அண்ணனுக்குக் கை ஓடாது” என்று தேவகனி அம்மாளிடம் சொன்னாயாம். நீ தூரத்தில் நின்றும் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. சனிக்கிழமை, 12ஆம் தேதி காலை, நீ கரையிலிருந்து பார்த்ததைக் காட்டிலும் படகில் நடந்தது வேறு. அதைத் தவறில்லாமல் எழுதிவைப்பது செயலாளர் என்ற முறையிலும் என் கடமை.

படகில் அவரும் நானும், துடுப்புப் பிடிக்க ஹென்றியும். என்ன பேசுவது என்று நான் தூத்துக்குடியிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியங்கள். அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“மச்சான், இம்புட்டு இறுக்காதிய. நான் மாடு இல்ல” என்றார்.

ஹென்றி துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தார். பதினாறு ஆண்டுகளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். நான் கயிற்றைத் தளர்த்தினேன்.

அவர் கல்லைப் பற்றி இறங்கினார். இரண்டு முறை சுண்டினால் இழுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கயிறு என் கையிலிருந்து ஓடி, நின்றது. அதன் பிறகு ஒன்றுமில்லை. தண்ணீர் மேலே தட்டையாக இருந்தது. கரையில் நீ நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தூரத்தில் இருப்பது எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தேன் அல்லவா. நீ நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். தேவகனி அம்மாள் உன் பக்கத்தில் தும்போடு நின்றார்கள். நான் உன்னைப் பார்த்தேன், கயிற்றைப் பார்த்தேன், மறுபடி உன்னைப் பார்த்தேன். அவர் சுண்டவில்லை.

நான் இழுத்துவிட்டேன்.

கொல்லையில் முருங்கை மரத்தை இழுத்ததைப் போல (அந்தக் கிளை காற்றில் முறியவில்லை), காலை ஊன்றி, விடாமல் இழுத்தேன். “ஏ, இருவே, அவரு இன்னும் சுண்டல!” என்று ஹென்றி கத்தினார். என் காதில் விழுந்தது, கையில் விழவில்லை. அவர் வெறும் கூடையோடு, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே மேலே வந்தார். கரையில் எல்லாரும் சிரித்தது உனக்கும் கேட்டிருக்கும். “என்னவே, பெரிய மீனா?” என்று மற்றப் படகிலிருந்து ஒருவன் கேட்டான்.

அவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பதினாறு வருசம் பொறுத்திய. இன்னுங் கொஞ்சம் பொறுத்தா என்ன, மச்சான்?”

பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்தார். இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எனக்கு என்ன வந்தது என்று எழுத இயலவில்லை. கண்ணாடி நனைந்துவிட்டது, கடல் தண்ணீர்.

இரண்டாம் முறை இறங்கியபோது அவர் சுண்டும்வரை பொறுத்திருந்தேன். அது எனக்குக் கடினமாக இருந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது அப்போதுதான். நீ சேலைத் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டாய்; “என்ன அவசரம் அண்ணனுக்கு?” என்று கேட்டாய். இக்கடிதம்தான் அதற்குப் பதில்.

மற்றவை நீ நேரில் கண்டதே. கயிறு திரிக்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம் என்பதையும், ஹென்றி திரித்த கயிற்றைத் தேவகனி அம்மாள் தூக்கிப் பிடித்து, “இது ஆட்டுக்குக் கூடக் காணாது அண்ணாச்சி” என்று சொன்னதையும் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன். தொட்டித் தண்ணீர் மூன்று நாளும் மாலைக்கு முன் தீர்ந்துபோனது. அடுத்த ஆண்டுக்கு இரண்டு தொட்டிகள் தேவை, இரண்டும் எல்லாருக்கும். ஹென்றி அடுத்த ஆண்டும் வேம்பாரிலேயே என்கிறார். தும்பு திரிப்பதில் அவருக்கு ஒரு பழி தீர்க்க வேண்டியிருக்கிறது.

இந்த உறையின் மேல் விலாசத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். அய்யாக்குட்டி உரக்க வாசிப்பாரானால் வாசிக்கட்டும். அவருக்குக் கண் மங்கல் என்றால் நீயே அவருக்கு வாசித்துக் காட்டவும்.

உன் வீட்டில் உள்ள இருவரும், ஆடும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அ. பாஸ்கல்

இக்கடிதத்துடன் இணைத்திருப்பவை:

1. திருத்திய விதிகளின் நகல், ஒன்று. நான்காம் விதியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

2. தேவகனி அம்மாளுக்கு நன்றிக் கடிதம், ஒன்று. நீ வாசித்துக் காட்டவும்; இந்த முறை பயமின்றி வாசிக்கலாம்.

3. என் கையில் நீ கட்டிய சேலைத் துண்டு, ஒன்று. உன் மதினி துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறாள். படகுத் தார்க்கறை மட்டும் போகவில்லை.

4. மைத்துனர் ஏசுவடியான் அவர்களுக்கு ஒரு கடிதம். தனியே ஒட்டியிருக்கிறது. நீ பிரிக்க வேண்டாம்.